துருவுக்கு மேல் வெட்டிய வருஷம்

ஏலக் கம்பெனியில் பழைய ஆயுதங்களை மதிப்பிடுகிறவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் 'நம்பமாட்டா'. மழை பெய்கிறது என்று கணவர் சொன்னால்கூட, ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், போர்வையில் சுற்றிய நீளத் துப்பாக்கியை அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"துருக்கி சுல்தான் காலத்துது மேடம். எங்க தாத்தா ஒரு மாலுமிகிட்ட வாங்கினது. வருஷம்கூட வெட்டியிருக்கு, பாருங்க."

கேட்பதற்கு முன்பே வருஷத்தைக் காட்டுகிறாரே என்று அவளுக்கு அப்போதே உறுத்தியது. முதலில் மெல்லிய குச்சியைக் குழலுக்குள் விட்டு, வெடிமருந்து ஏதும் கெட்டித்துக் கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அடிக்கட்டை ஐந்து பட்டை. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் விசை. அதன் ஸ்பிரிங் விசைத் தகட்டுக்கு வெளியே இருந்தது. முறுக்கி அடித்த இரும்புக் குழல். எல்லாம் துருக்கியின் ஒட்டோமான் காலத்து வேலைப்பாடுதான். ஆனால் அச்சு அசலாக அப்படியே செய்து விற்கிற பட்டறைகளும் உண்டு.

விசைத் தகட்டில் அரபி எண்களில் 1222. அது இஸ்லாமியர்களின் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு. இன்றைய காலண்டரில் 1807.

லென்ஸை வைத்துக் குனிந்தாள். தகடு முழுக்கத் துரு தின்ற குழிகள். எண்ணின் கோடு ஒரு குழிக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறிப் போயிருந்தது. துருப் பிடித்தது முன்னால், எண் வந்தது பின்னால். வெட்டின கோட்டுக்குள் கரியும் எண்ணெயும் தேய்த்திருந்தது.

"இதை யார் வெட்டினது?"

"அந்தக் காலத்து ஆளு யாரோ..." என்று இழுத்தவர் கைக்குட்டையைத் தேடினார்.

அவளை அதைவிடக் குடைந்தது, மூன்று இரண்டுகளும் முடிகிற இடத்தில் இருந்த சின்னச் சுழிப்பு. அது அவளுடைய அண்ணன் கை. பரிசுக் கோப்பைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் எழுத்து வெட்டுகிறவர்; எதை வெட்டினாலும் கடைசியில் உளியை அப்படித்தான் சுண்டுவார்.

மதியம் நேரே அவர் கடைக்குப் போனாள்.

"அண்ணா, துப்பாக்கித் தகட்டுல நம்பர் வெட்டினியா?"

அவர் கையிலிருந்த கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒருத்தர் தகட்டோட நம்பர் வரைஞ்ச படமும் கொண்டுவந்தாரு, வெட்டினேன். 'முதல் பரிசு'ன்னும்தான் வெட்டுறேன். யாரு ஜெயிச்சாங்கன்னு விசாரிச்சுக்கிட்டா இருக்கேன்?"

"பழசா தெரியட்டும்னு கரியும் எண்ணெயும் தேய்ச்சிருக்கியே, அதுவும் படத்துல இருந்துச்சா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அறிக்கையில என் பேரை எழுதிடாதம்மா," என்றார்.

வருஷமே பொய்யென்றால் துப்பாக்கியும் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் சமையல்காரர் கண்முன்னாலேயே குழலைக் கட்டையோடு பிடித்திருந்த வளையங்களைக் கழற்றி, அதைத் தூக்கினாள். கட்டைக்குள் மறைந்திருந்த அடிப்பக்கத்தில் செய்தவரின் முத்திரை. பக்கத்தில் ஹிஜ்ரி 1187. இங்கே துரு எண்ணுக்குள்ளும் ஒரே சீராகப் படிந்திருந்தது. அதையும் நம்பாமல் அரைமணி நேரம் பார்த்தாள். திருகாணிகளின் மரை கையால் அராவியது. ஒன்றைப்போல ஒன்று இல்லை.

"துப்பாக்கி நிஜம். 1773. நீங்க வெட்டச் சொன்னதுதான் பொய். துப்பாக்கியோட வயசுல முப்பத்துநாலு வருஷத்தைக் குறைச்சிட்டீங்க."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "வருஷம் இல்லேன்னா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னாங்க மேடம். தாத்தா சொன்னதை நானே நம்பலியே."

அறிக்கையில் குழலின் வருஷத்தை எழுதினாள். விசைத் தகட்டின் எண் சமீபத்தில் வெட்டியது என்றும், எந்தக் கடையில் என்றும் எழுதினாள். கடைப் பெயரை எழுதும்போது பேனா நின்றது. எழுதத்தான் செய்தாள். ஒரு அருங்காட்சியகம், தகட்டில் இருந்த பொய்யோடு சேர்த்தே அதை வாங்கிக்கொண்டது.

அண்ணன் நாலு மாதம் பேசவில்லை. ஐந்தாம் மாதம் போன் வந்தது.

"ஒருத்தன் வாள் கொண்டுவந்து வருஷம் வெட்டச் சொல்றான். உட்கார வெச்சிருக்கேன். வரியா?"

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றே?" என்று கேட்டாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி நீ வந்து பாரேன்," என்றார் அண்ணன். அவள் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.