பலகை அறையில் நின்ற கார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்கு வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவளை நான் பார்த்துக்கொள்வது என்பது சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் முடிவாகிவிட்டது. நான் வாத்தியார், அவள் படித்ததும் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில்தான். காரை என்ன செய்வது என்ற பேச்சுதான் நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது.

வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். அவளுடைய அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். ஊட்டிக்கும் பழனிக்கும் ஆட்களை ஏற்றிப் போன அந்த வெள்ளை அம்பாசிடர், அவர் காலமான பிறகு ஒரே மகளான இவளிடம் வந்தது. பாவாடை கட்டிய வயதிலேயே காருக்கு அடியில் அவரோடு படுத்துக் கிடந்தவள். மருத்துவமனையில் பணி முடிந்து, வெள்ளைச் சேலையோடு அவள் அந்தக் காரை எங்கள் உக்கடம் சந்துக்குள் திருப்பினால், டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸை வாயருகே பிடித்தபடியே பார்ப்பார்கள்.

நான் பஸ்ஸில் போகிறவன். என் அப்பாவும் அம்மாவும் சரவணம்பட்டிப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கார் வருகிறதென்றால் தோட்டத்துக்காரர் வருகிறார், ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்றே வளர்ந்தேன். கல்யாணமாகி வெகு நாள் வரை அந்தக் காரின் கதவைச் சாத்தும்போது யாராவது அதட்டுவார்களோ என்று கை தயங்கும்.

விற்றுவிடச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். நானும் ஒருமுறை சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "திரும்பி வந்து ஓட்டோணுமுங்க," என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

சந்தில் வெயிலிலும் மழையிலும் இரண்டு வருடம் நிறுத்தினால் தகரம்தான் மிஞ்சும். அதைக் கேள்விப்பட்டுத் தானாகவே முன்வந்தவர், சந்து முனையில் மரக்கடை வைத்திருந்த பாய். அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவள் என் மனைவி. கடைக்குப் பின்னால் பதமான தேக்குப் பலகைகளை அடுக்கி வைக்கும் ஓட்டு அறை ஒன்று இருந்தது. அதில் பாதியை ஒழித்துத் தருவதாகச் சொன்னார். "பலகையே ஈரம் வாங்காத ரூமுங்க சிஸ்டர். காரு என்னத்த வாங்கப்போகுது?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை அங்கே ஓட்டிக்கொண்டு போனோம். கடை முழுக்க மரத்தூள் வாசம். அறைக்குள் காரை நிறுத்தி, என்ஜின் சூடு ஆறுவதற்கு முன்பே அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போய்விட்டாள். கறுத்துப்போன ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினாள். ஓடாத வண்டிக்கு எதற்குப் புது ஆயில் என்று கேட்டேன். பழைய ஆயில் சும்மா நின்றால் உள்ளே இரும்பைத் தின்றுவிடும் என்றாள். ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டாள். டேங்கில் இருந்த பெட்ரோலை ரப்பர் குழாயில் உறிஞ்சி கேனில் பிடித்தாள். அது பாயின் ஸ்கூட்டருக்குப் போனது. பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு ஸ்பூன் ஆயில் விட்டாள். என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். ஆழத்தில், ஈரமாக, வட்டமான ஒரு பளபளப்பு. "அதுதானுங்க பிஸ்டன். அது ஏறி எறங்குறதுலதான் நாம பழனி போறோம்," என்றாள். பல வருடம் நான் ஏறி இறங்கிய வண்டி. அதற்குள் இப்படி ஒன்று இருட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. கோயில் கிணற்றை எட்டிப் பார்த்த பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடியும் ஒருமுறை டார்ச்சை வாங்கிப் பார்த்தேன்.

டயர்கள் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடக்காமல் இருக்க, காரைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்த வேண்டும். கட்டைக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அந்த அறை மண் தரை. ஜாக்கியை வைத்துத் திருகத் திருக, கார் எழும்புவதற்குப் பதிலாக ஜாக்கி தரைக்குள் இறங்கியது. அடியில் பலகை போட்டுப் பார்த்தோம். பலகை சாய்ந்து ஜாக்கி நழுவியது. அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இனி இதில் வேண்டாம் என்று பாய் தடுத்துவிட்டு, வெளியே லாரியிலிருந்து மரம் இறக்கிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் குனிந்து அடியில் அச்சைத் தட்டிப் பார்த்தார். "ரெண்டு பேர் கட்டிப்புடிக்கிற மரத்தையே எறக்குறோம். இது காலியா இருக்கற பொட்டிதானுங்களே," என்றார். நீளமான ஒரு உத்தரத்தைப் பின் அச்சுக்கு அடியில் குறுக்கே செருகினார்கள். இரு பக்கமும் ஆட்கள் குனிந்து, தலைத்துண்டைச் சும்மாடாக்கித் தோள் கொடுத்தார்கள். மூத்தவர் ஒரு குரல் கொடுத்தார். மற்றவர்கள் பதில் குரல் கொடுத்தார்கள். மூன்றாவது குரலில் காரின் பின்பக்கம் தரையை விட்டு எழுந்தது.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எதற்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நின்றோமோ, அந்தக் கார், மனிதர்களின் தோள்மேல், சத்தமில்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது. அவர்கள் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. முகத்தில் பதற்றமே இல்லை. என் மனைவி தவழ்ந்துபோய்க் கட்டைகளைச் சரியாக அச்சுக்கு அடியில் தள்ளினாள். அவர்கள் அந்தக் கனத்தைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்கினார்கள். முன்பக்கத்துக்கும் அப்படியே. கடைசியில் நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் நின்றன. அவள் ஒரு சக்கரத்தை விரலால் சுண்டினாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீதி வேலைகள் சின்னச் சின்னவை. கை பிரேக்கைத் தளர்த்தி விட்டாள். கிளட்ச் மிதியை அழுத்தி, அது எழாதபடி சீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தாள். சைலன்சர் வாயில் துணி அடைத்தாள். எலிக்காகப் புகையிலைக் காம்புகளை அங்கங்கே செருகினாள். பழைய போர்வைகளை இணைத்து அவளே தைத்திருந்த உறையைப் போர்த்துவதற்கு முன், பம்பரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு நீளமான இரும்புக் கைப்பிடியை என்ஜினுக்குள் செருகினாள்.

மாதம் ஒருமுறை நான் அதைச் சுற்ற வேண்டும் என்றாள். சுற்றாவிட்டால் பிஸ்டன்கள் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிளக்குகளைக் கையால் மட்டும் முறுக்கி வைத்திருப்பதால் சுற்ற எளிதாக இருக்கும். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். நான் தயங்குவதைப் பார்த்து, என் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தாள். "இது கடிக்காதுங்க. புடிச்சுச் சுத்துங்க."

சுற்றினேன். மெல்ல ஒரு எதிர்ப்பு, பிறகு ஒரு தளர்ச்சி. எங்கோ உள்ளேயிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று வெளியேறியது. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் காற்று. தூங்குகிறவரின் மூச்சுபோலவே இருந்தது.

அந்த வாரமே அவள் விமானம் ஏறினாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயின் கடைக்குப் போவேன். மகளும் சில நாள் வருவாள். உறையின் முன்பகுதியை விலக்கி, கைப்பிடியைச் செருகிச் சுற்றுவேன். என் மனைவி போன் செய்வதும் அந்தக் கடைக்குத்தான், அதே காலை வேளையில். முதலில் மகளைப் பற்றிக் கேட்பாள், பிறகு என் சாப்பாடு, பிறகு கார். "மூச்சு விடுதுங்களா?" என்பாள். விடுகிறது என்பேன். வெளிநாட்டு போனுக்குக் காசு அதிகம் என்பதால் அதற்குள் வைத்துவிடுவாள். அவள் குரல் நின்ற பிறகும் நான் உள்ளே போய் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அது அவள் சொன்னதில் இல்லாத வேலை.

இரண்டாவது வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. உக்கடம் குளம் கரை தளும்ப நின்றது. சந்தில் முழங்கால் தண்ணீர். பலகை அறைக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் சுவர் ஓதம் ஏறிக் கறுத்திருந்தது. மழையால் ஒரு மாதம் என்னால் போக முடியாமல் போயிற்று. அடுத்த முறை கைப்பிடியைப் பிடித்தபோது அது அசையவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். சுவரில் பதித்த கம்பியைத் திருகுவதுபோல இருந்தது. உள்ளே மூச்சு இல்லை.

அவளுடைய போன் வந்ததும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள். "முக்கிச் சுத்திப்போடாதீங்க. பிளக்கக் கழட்டி, ஓட்டைல கொஞ்சம் கொஞ்சம் ஆயில் உடுங்க. நாளைக்குப் போங்க. கை பலத்துல வேண்டாம், ஒடம்பச் சாச்சு மெல்ல அழுத்துங்க."

அதுவரை நான் ஸ்பேனரைத் தொட்டதில்லை. பாய் விளக்கைப் பிடிக்க, அவள் செய்ததை மனதில் ஓட்டிப் பார்த்து, பிளக்குகளைக் கழற்றி ஆயில் விட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் போனேன். கைப்பிடியில் என் எடையைச் சாய்த்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே நின்றேன். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு நூலளவு இடம் கொடுத்த மாதிரி இருந்தது. கற்பனையோ என்று நினைத்தேன். இன்னும் ஒரு நூல். அதன்பின் மெல்லிய ஒரு முனகலோடு முழுச் சுற்றும் சுற்றியது. 'ஸ்ஸ்' என்று காற்று வந்தது. நான் கைப்பிடியை விட்டுவிட்டு, ஆயில் கையோடு அந்தக் காரை இரு கை கூப்பிக் கும்பிட்டேன். பாய் சிரிக்கவில்லை.

அவள் திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மரக்கடைக்குப் போனோம். உறையை எடுத்தோம். முட்டுக்கட்டையை எடுத்தாள், சைலன்சர் துணியைப் பிடுங்கினாள். தண்ணீர், புது பேட்டரி, சுத்தம் செய்த பிளக், கேனில் வாங்கி வந்த பெட்ரோல். கட்டைகள் மேலேயே வைத்து முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். பாய் முன்பக்கம் போய் அறுவை மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். மரம் இறக்குகிறவர்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

முதல் தடவை கரகரத்து நின்றது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை ஒரு இருமல். பிறகு, தரையும் பலகைகளும் அதிர, அது எழுந்தது. சைலன்சரிலிருந்து நீலப் புகை அறையை நிறைத்தது. பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் படிந்திருந்த மரத்தூள் நடுங்கி உதிர்ந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் இறங்கி, பானெட்டுக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்ஜினைப் பார்த்தபடியே, "எனக்கே நம்பிக்கை இல்லாமத்தானுங்க இருந்துச்சு," என்றாள். நான் அவளைப் பார்த்தேன். "ரெண்டு வருசம் நின்ன வண்டி. மழைல புடிச்சுக்கிச்சுன்னு நீங்க சொன்னப்பவே போச்சுன்னுதான் நெனச்சேன். உங்ககிட்டச் சொல்லல." அவள் கண் கலங்கியிருந்தது, புகையாகவும் இருக்கலாம்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. டயர்களில் ஒன்று காற்றே நிற்காமல் போனது. அதையெல்லாம் பார்க்க ஒரு வாரம் ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் பொள்ளாச்சி ரோட்டில் புறப்பட்டோம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. காலுக்கு அடியில் அந்த அதிர்வு ஏறிக்கொண்டே இருந்தது. நான் உடம்பைச் சாய்த்து ஒரு சுற்று சுற்ற வைத்த என்ஜின், இப்போது கண் இமைப்பதற்குள் எத்தனையோ முறை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நினைக்க நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளிடம் அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்படீன்னா இதையும் கேளுங்க," என்று ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.