பொனட்டில் துலங்கிய மூன்று பச்சைக் குறி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் இரும்புக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்று முதலில் ஜன்னல் கம்பியைத் தின்னும், பிறகு கேற்றைத் தின்னும், அதற்கும் பசி அடங்காவிட்டால் பல்கனியில் மறந்து வைத்த கத்தரிக்கோலையும் தின்னும். எங்கள் தொடர்மாடியில் ஒருவர் சைக்கிளை வெளியே விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினார். இரண்டு டயரும் ஒரு பித்தளை மணியும் மட்டும் கிடந்தன. கள்ளன் கொண்டுபோயிருப்பான் என்பீர்கள். எந்தக் கள்ளன் மணியை விட்டுவிட்டுப் போவான்?

அந்தக் காற்றின் வாயிலேயே, கீழ்த்தளத்துத் தூணோரமாக, பத்மாவதி ரீச்சரின் கார் நின்றது. எழுபதுகளில் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த சின்னக் கார். கதவுகளின் அடிப்பாகம் கறள் பிடித்து, பொரித்த அப்பளம் போல விரல் பட்டாலே நொறுங்கியது. மேலே பெயின்ற் வெளிறி வெளிறி, இன்னதென்று பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது.

ரீச்சர் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் கனகசபாபதி இருந்த காலத்தில், "பொம்பிளையளுக்குக் கியர் பிடிபடாது" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். ரீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை. போய் லைசென்ஸ் எடுத்தார். கணவரைப் பின்சீற்றில் இருத்தி, காலி வீதி வழியே கொட்டாஞ்சேனைவரை ஓட்டிக் காட்டினார். அங்கே "முருகா, முருகா" என்றபடி இறங்கிய கணவர் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. ஒழுங்கையில் எந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி கண்டாலும் ரீச்சரின் கார்தான் போகும். பாதிப் பிள்ளைகள் பின்சீற்றிலேயே பிறந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்காரருக்குப் பெயர் எழுதுகிற வேலைதான் மிச்சம்.

கனடாவிலிருக்கும் மகன் ராகுலன் கதைக்கும்போதெல்லாம், "அம்மா, அந்தத் தகரத்தை வித்துப்போட்டு, போனிலை ஒரு காரைக் கூப்பிட்டுப் போங்கோவன்" என்பான்.

"நான் ஆரையும் கூப்பிட்டுப் போறவளில்லையடா. நினைச்சவுடனை போறவள்" என்பார் ரீச்சர்.

வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகிவிட்டுக் கீழே வந்து காரின் பொனட்டுக்கு மூன்று குறி விபூதி பூசுவது அவருடைய வழக்கம். வெறும் விபூதியைக் கடற்காற்று ஊதிக்கொண்டு போய்விடுகிறது என்று கண்டு, நெய்யில் குழைத்துப் பூசத் தொடங்கினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஒழுங்கைப் பூனைகளெல்லாம் பக்திமான்களாகிவிட்டன. வருஷக்கணக்கில் பூச்சின்மேல் பூச்சேறி, அதில் புகையும் புழுதியும் படிந்து, பொனட்டில் மூன்று கறுத்த வரப்புகள் எழும்பி நின்றன.

ஒருநாள் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் சவுந்தரநாயகம் மேலேறி வந்து ரீச்சரின் கதவைத் தட்டினார்.

"ரீச்சர், கோவிக்கக் கூடாது. கீழை புதுசாப் பதிச்ச டைல்ஸ் முழுக்க உங்கடை காரிலையிருந்து கறள்தண்ணி வடிஞ்சு, தேத்தண்ணி ஊத்தினமாதிரிக் கிடக்கு. பொங்கலுக்கு முதல் அதைத் திருத்த வேணும். இல்லாட்டிக் கிராண்ட்பாஸிலையிருந்து பழைய இரும்பு லொறி வரும். கூட்டத்திலை முடிவெடுத்தாச்சு."

"வரட்டும். முதல் என்னை ஏத்தச் சொல்லுங்கோ. நானும் பழசுதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று பின்னேரம் காருக்குள் ஏறி, எஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்ததை நான் பல்கனியிலிருந்து கண்டேன்.

ரீச்சர் சொல்லியனுப்ப, மாளிகாவத்தையிலிருந்து கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஸாலிஹ் வந்தார். கறள் தின்ற தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு வைத்து ஒட்டினார். மிச்சத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தார். அந்தத் தூளில் ஒழுங்கையே செம்மண் பூமியானது. மாடியில் வெள்ளையாய்க் காயப்போட்ட வேட்டிகள் காவியாய் இறங்கி வந்தன.

"அக்கா, என்ன கலர் அடிக்கிற?" என்று கேட்டார் ஸாலிஹ்.

"பழைய நிறம்தான்."

"பழய நெறம் என்ன?"

நீலம் என்றார் ரீச்சர். சாம்பல் என்று அடித்துச் சொன்னார் சவுந்தரநாயகம். போனில் கேட்டால், தனக்குத் தெரிந்த நாள் முதல் அது வெள்ளை என்றான் ராகுலன். நைல் நதி எங்கே பிறந்து எங்கே விழுகிறது என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய ரீச்சருக்குத் தன் காரின் நிறம் தெரியவில்லை.

கடைசியாகப் பொனட்டுக்கு வந்த ஸாலிஹ், அந்த மூன்று வரப்புகளைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இத நான் தொட மாட்டேன் அக்கா. ஒங்கட சாமி விஷயம். நீங்களே சுரண்டித் தாங்க."

அடியில் ஓட்டைதான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரீச்சர் சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஊறவிட்டு, தோசை திருப்பும் தட்டகப்பையால் மெல்லக் கிளப்பினார். முதல் வரப்பு பாளமாகக் கழன்று விழுந்தது.

பச்சை!

வெளிறிக் கறள்புள்ளி விழுந்த தகட்டின் நடுவே, மழை நனைத்த வாழையிலை போல ஒரு பச்சை. இரண்டாவதும் கழன்றது, மூன்றாவதும் கழன்றது. ஒரு விரல் அகலத்தில் மூன்று குறிகள், அன்றுதான் கப்பலிலிருந்து இறக்கியதுபோல மினுங்கின. அத்தனை வருஷத்து வெயிலையும் உப்பையும் அந்த நெய் அண்டவிடவில்லை. குனிந்து பார்த்த ரீச்சரின் முகம் அதில் தெரிந்தது. கடல்கூட ஒரு அலையை விழுங்கிவிட்டு நின்றதாகத்தான் எனக்குப் பட்டது.

"அல்லாஹ்வே!" என்றார் ஸாலிஹ்.

சவுந்தரநாயகம் செருப்பைக் கழற்றினார்.

அதோடு வந்தது வினை. மறுநாள் விடியப் பொனட்டில் செவ்வரத்தம்பூ இருந்தது. அடுத்தநாள் வெற்றிலைத் தட்டமும் கற்பூரமும் வந்தன. கொம்பனித்தெருவிலிருந்தெல்லாம் சனம் வந்து கும்பிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்க எழுத்துக் கேட்டு ஒரு தாய் காரின் முன்னால் காத்திருந்தாள். சவுந்தரநாயகம் தன் கையாலேயே காரைச் சுற்றிக் கயிறு கட்டினார். பழைய இரும்பு லொறி வேண்டாமென்று போன் பண்ணிவிட்டு வந்து ரீச்சரிடம் சொன்னார்:

"இனி உங்களுக்கு ஒரு பயமுமில்லை ரீச்சர். கார் இஞ்சையே நிக்கலாம். எந்தக் காலத்துக்கும்."

"நிக்கலாமோ?"

"ஓம். ஆனா அசைக்கேலாது. சனம் கும்பிடுற சாமானெல்லோ."

"அப்ப நான் எதிலை போறது?"

"நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் ஓட்டோ பிடிச்சுத் தாறம்."

லொறிக்காரன் ஏற்றிக்கொண்டு போயிருந்தால்கூட ரீச்சரின் முகம் அப்படி இருண்டிருக்காது.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை, சனம் கூடி நிற்கிற நேரம் பார்த்து அவர் கீழே இறங்கி வந்தார். கையில் சாண்ட் பேப்பர். பின்னால் ஸாலிஹ், அந்தக் குறிகளோடு ஒப்பிட்டுக் கலக்கிய பச்சைப் பெயின்ற் வாளியோடு.

"தம்பி சவுந்தரநாயகம், ஆடிவேலுக்கு வெளிக்கிடுற தேரைக் கண்டிருக்கிறீங்களோ?"

"என்ன கேள்வி ரீச்சர்? சின்னனிலையிருந்து வடம் பிடிக்கிறனான்."

"ஓடாமல் நிக்கிற தேருக்கு ஆரும் வடம் பிடிப்பினமோ?"

"இல்லை..."

"வெளிக்கிட முதல் தேருக்குப் பெயின்ற் அடிக்கிறவையோ இல்லையோ?"

"அடிக்கிறவைதான்."

"பழசைத் தேய்க்காமலோ?"

சவுந்தரநாயகம் சனத்தைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்தது. "ரீச்சர் கேக்கிறது ஞாயம்தானே" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

ரீச்சர் பொனட்டில் குனிந்து தேய்க்கத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒரு குறி முடிந்த பிறகு அடுத்த குறி. பச்சைத் தூள் அவர் விரல்களில் படிந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். ஒவ்வொரு கையாக அவர் முன்னால் நீண்டது. எல்லோருக்கும் கொடுத்தார். நானும் கை நீட்டினேன். கடைசியாக நீண்ட கை சவுந்தரநாயகத்தினுடையது.

பொங்கலன்று பானை பொங்கியதும், கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கென்று ரீச்சர் சாவியைத் திருப்பினார். முழுக் காரும் பச்சையாய் வெயிலுக்குள் இறங்கியது. அது காலி வீதிக்கு ஏறியபோது பஸ்காரர் ஹோர்ன் அடிக்க மறந்தார்கள். அப்படியொரு அமைதியை அந்த வீதி கண்டதில்லை. கேற்றிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சவுந்தரநாயகம் காலி வீதிவரை பின்னால் ஓடி வந்தார்.

"ரீச்சர்! நானும் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குத்தான்!"

"ஏறுங்கோ. கதவிலை கை வைக்காதேங்கோ, பெயின்ற் இன்னும் வடிவாக் காயேல்லை."

பின்சீற்றில் ஏறியவர் கொட்டாஞ்சேனைவரை இரண்டு கையையும் கூப்பியபடியே இருந்தாராம். ரீச்சர் ஓட்டுகிற வேகத்துக்கு அது பக்தியா, வேறு ஏதுமா என்று நான் அவரிடம் கேட்கப் போகவில்லை.