ஏழுக்கும் ஒரே அளவு

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஐயாதுரை கடைக்குச் சட்டைத்துணி கொண்டுபோனால், பக்கத்துக் கடையைக் கை காட்டிவிடுவார். அவருக்குத் தொழில் கொடி. தேர்தல் வந்துவிட்டால், வெளியே முறைத்துக்கொண்டு திரியும் கட்சிகளெல்லாம் அவர் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும். உங்கள் ஓட்டு யாருக்கு என்று கேட்டால், "மிஷினுக்கு ஏதுய்யா கட்சி?" என்று தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவார். சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. நாற்பத்தெட்டு வயதுவரை அவர் பார்த்த தூரதேசம் மதுரைதான்.

அப்பேர்ப்பட்டவர் கடைக்கு 1986 ஐப்பசியில் ஏழு தேசங்கள் வந்து சேர்ந்தன. மில் சரக்கைப் பெங்களூருக்கு அனுப்பும் ஏஜெண்ட் வைகுண்டராஜ், ஒரு கட்டுப் பட்டுத்துணியையும் ஏழு கொடிப் படங்களையும் ஆர்டர் சீட்டையும் மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, நம்ம நாடு, பாகிஸ்தான், இலங்கை, வங்காளதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஏழும் சேந்து சார்க்குன்னு ஒரு கூட்டமைப்பு வச்சிருக்கு. தொழிலு, விவசாயத்துல ஒருத்தருக்கொருத்தர் கைகொடுத்து மேல வரணும்னு. தலைமை மாறி மாறி வரும். போன வருசம் வங்காளதேசம், இந்த வருசம் நம்ம முறை. கார்த்திகை பொறக்கையில பெங்களூர்ல மாநாடு. வாரவிய சாப்பிடுற ஒரு ஓட்டலுக்கு மேசைக்கொடி வேணுமாம். நாட்டுக்கு ஏழு."

"அம்புட்டு நாட்டுக்கும் நம்மதான் தலைமையா?" என்று கேட்ட ஐயாதுரைக்கு வாய் மூடவில்லை. கையைக் கழுவி வந்து துடைத்த பிறகுதான் அந்தப் படங்களைத் தொட்டார். இலங்கையின் சிங்கமும் பூட்டானின் டிராகனும் அச்சடித்த துணியாகவே வந்திருந்தன. நேபாளத்துக்கு இரண்டு முக்கோணம். செய்தியில் மட்டும் கேட்ட நாடுகள் தன் விரலுக்கடியில் கிடப்பதை நினைத்தால் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

முறை என்றால் என்ன என்பது ஐயாதுரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுப்பட்டி அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலில் திருவிழாச் செலவை ஏற்று நடத்தும் மண்டகப்படி ஏழு வீட்டுப் பங்காளிகளுக்கு. வருஷத்துக்கு ஒரு வீடு. முறைக்கார வீட்டு மூத்தவர் தலையில் பூசாரி நாலு முழப் பரிவட்டம் கட்டுவார். மற்றவர்களுக்கு இரண்டு முழம். 1980-இல் இவர்கள் வீட்டு முறை வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. நாலு முழம் ஐயாதுரை தலையில் ஏறியது. பந்தல் போட்டு, உலை வைத்து, ஊருக்கெல்லாம் இலை போட்ட தம்பி காளிராஜுக்கு இரண்டு முழம்.

"நானும் இந்த வீடுதான அண்ணே?" என்று கேட்டான் தம்பி.

"முறைக்காரன் நான் நிக்கேன், ஒனக்கு என்னலே?" என்றார் அண்ணன், அத்தனை பேர் முன்னால்.

காளிராஜ் துணியை மடித்துப் பூசாரி தட்டிலேயே வைத்துவிட்டுப் போனவன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எம்பிராய்டரி மிஷின் போட்டுப் பிழைத்தான். அண்ணன் கடையிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரம். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது இந்த வேலையில் ஐயாதுரை என்ன செய்தார் தெரியுமா? நம் நாட்டுக் கொடியை மட்டும் ஒரு சாண் கூடுதலாக வெட்டினார். முறைக்காரருக்குப் பெரிது, இதைக்கூடவா ஒருவர் சொல்ல வேண்டும்! சக்கரத்தை மிஷினில் கொடுக்காமல் கையாலேயே தைத்தார். ஆரக்கால் இருபத்துநாலையும் எண்ணி எண்ணி, ஒரு கொடிக்கு இரண்டு நாள் வீதம் பதினாலு நாள் உட்கார்ந்தார். தன் வாழ்நாளில் இதைவிட நல்ல வேலை செய்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது.

சரக்கு எடுக்க வேண்டிய நாள் காலையில் வைகுண்டராஜ் வந்தார். கட்டைப் பிரித்ததும் முகம் செத்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி இது? ஏழும் ஒரே அளவுன்னு சீட்டுலயே போட்டிருக்கே!"

"முறை நம்மது இல்லையாய்யா?"

"தலைமைதான் நம்மது. கொடி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மாலத்தீவு ஜனம் மொத்தமும், நம்ம ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சுத்துப்பட்டியையும் சேத்தா வாற அளவுதான் இருக்கும். அவிய கொடியும் நம்ம கொடியும் ஒரே மட்டத்துல நிக்கணும். சாயங்காலம் மதுரை பஸ்ஸுல ஏத்தியாகணும். இல்லேன்னா நம்ம கொடி இல்லாமத்தான் அந்த மேசைய போடுவாவ."

ஐயாதுரை இரண்டு நாட்டுக் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை பெரிய நாடு, அத்தனை சின்ன நாட்டுக்குச் சமமாக நிற்குமா? தலைமைப் பொறுப்பும் வாங்கிக்கொண்டு? அதை நினைக்க நினைக்க அவருக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் மலைத்து நிற்க நேரமில்லை. ஓரத்தை வெட்டிச் சிறிதாக்கிப் பார்த்தார். காவியும் பச்சையும் ஒடுங்கிப்போய், வெள்ளையும் சக்கரமும் மட்டும் பெரிதாக நின்றன. புதிதாகத்தான் தைக்க வேண்டும். மாலைக்குள் ஏழு சக்கரம் போடக்கூடிய மிஷின் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. மிச்சப் பட்டுத்துணியையும் தைத்த கொடிகளையும் வாரிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

தம்பி பெண்டாட்டி சீனியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தாள். காளிராஜ் மிஷினை நிறுத்தவில்லை. ஐயாதுரை பெரிய கொடி ஒன்றையும் மாலத்தீவுக் கொடி ஒன்றையும் அவன் முன்னால் விரித்து, நடந்ததைச் சொன்னார்.

காளிராஜ் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். "கைத்தையலா? நல்லாத்தான் இருக்கு. இம்புட்டுப் பெரிசா யாரு தைக்கச் சொன்னா?"

"யாருஞ் சொல்லல. முறைக்காரனுக்குப் பெரிசுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"தப்புத்தாம்ல," என்றார் ஐயாதுரை. "இதுவும் தப்பு, அன்னைக்குக் கோயில்ல நின்னதும் தப்பு."

காளிராஜ் கேட்டது ஒன்றே ஒன்று. "சக்கரம் எம்புட்டு அளவு வரணும்ணே?"

அண்ணன் வெட்டிக் கொடுக்க, தம்பி சக்கரம் போட, சீனியம்மாள் நூல் பிசிறு வெட்டினாள். மத்தியானச் சோறு நின்றுகொண்டே இறங்கியது. நாலு மணிக்கு நாற்பத்தொன்பது கொடியும் ஒரே மட்டத்தில் அடுக்கியாயிற்று. ஐயாதுரை உள்ளங்கையை மேலே வைத்துத் தடவினார். எது எந்த நாடு என்று கைக்குத் தெரியவில்லை.

அடுத்த பங்குனியில் மண்டகப்படி மறுபடி இவர்கள் வீட்டுக்கு வந்தது. பரிவட்டத் துணியை ஐயாதுரையே வெட்டிக்கொண்டு போனார். ஆறு வீட்டுக்கு ஆறு, அண்ணன் தம்பிக்கு இரண்டு, எட்டும் மும்மூன்று முழம். பங்காளிகளில் பெரியவரான இருளப்பசாமி குதித்தார். "முறைக்காரனுக்குப் பெரிசு இல்லையாலே? என்ன பழக்கம் இது?"

"பெங்களூர்ல மாலத்தீவுக்கும் நமக்கும் ஒரே அளவு பெரியப்பா. அம்புட்டுப் பெரிய எடத்துலயே அப்பிடின்னா, புதுப்பட்டிக்கு என்ன?"

பெரியவருக்கு மாலத்தீவு யார் வீட்டுப் பங்காளி என்று தெரியாததால், மேற்கொண்டு பேச வழியில்லாமல் போயிற்று.

பூசாரி தட்டை நீட்டினார். ஐயாதுரை, முதலில் அவனுக்குக் கட்டச் சொல்லித் தம்பியைக் காட்டினார். காளிராஜ் தலையைக் கொடுக்கவில்லை. தன் துணியை எடுத்து முழங்கையில் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அளந்தான். பிறகு அண்ணனுடையதையும் எடுத்து அதேபோல அளந்தான். இரண்டையும் தட்டில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பரிவட்டத்துக்குத் தலையைக் குனித்தான்.