ஈரக்கல்லில் ஒரு குருசு

கொக்கிளாய் மீன்வாடியில் கருவாடு காயவைக்கிற வேலையை விட்டுவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு நாளாகச் சோறில்லை. வழியில் ஒரு மாதா கோயிலுக்குத் தூண் செதுக்கிக்கொண்டிருந்தவர் தண்ணீர் தந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்த சுண்ணாம்புக்கல்லின் தூள் படிந்து அவருடைய இமைமயிர்கூட வெளுத்திருந்தது. அடிக்கடி பெருவிரலை நாக்கில் நனைத்துக் கல்லைத் தடவிப் பார்ப்பார்.

தூணை விட்டுவிட்டு, கல்லறையில் நடுகிற முழ நீளக் குருசு ஒன்றைச் செதுக்கக் கையில் எடுத்தார்.

"இது ஆருக்கு, அண்ணை?"

"என்ரை பிள்ளைக்கு."

"எப்ப தவறினது?"

"இன்னும் பிறக்கேல்லை. மனுசி அந்தக் குடிசைக்குள்ளை நோவிலை கிடக்கிறா."

குடித்த தண்ணீர் எனக்குப் புரையேறியது.

"என்ன கதை அண்ணை இது!"

"முந்தி மூண்டும் தங்கேல்லை. கல்லு வெட்டின புதுசிலை, ஈரமா இருக்கேக்கைதான் உளிக்கு இணங்கும். பிறகெண்டால் கல்லும் இறுகிப்போம், என்ரை கையும் நடுங்கும். கடைசிப் பிள்ளையின்ரை குருசு கோணலாப் போச்சு."

சொல்லிவிட்டு மறுபடி விரலை நனைத்தார்.

பொழுது சாயும் நேரம் குடிசை வாசலில் நின்று மருத்துவிச்சி கூப்பிட்டாள்: "பொம்பிளைப் பிள்ளை! தொண்டை கிழியக் கத்திறாள், கேக்கேல்லையோ, செவிட்டு மனுசா?"

அவர் உளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"தம்பி, விடிஞ்சும் அவள் அழுதால், இதை நீர் உடைச்சுத் தருவீரோ? எனக்கு ஏலாது."

விடியவும் பிள்ளையின் அழுகை கேட்டது. சுத்தியலைத் தந்துவிட்டு அவர் குடிசைக்குள் போய்விட்டார். அந்தக் குருசில் ஒரு கோணலும் இல்லை. அதை உடைப்பதுதான் அந்த ஊரில் நான் செய்த முதல் வேலை.