ஒரே கணக்கை இரண்டு முறை எழுதினேன்

போன ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பெண்மணியிடம் கத்திவிட்டேன். கிளினிக்கில் வேலை பார்ப்பவர். அவர் செய்த குற்றம்? ஒரே ஃபார்முலாவில் ஒரே கணக்கை இரண்டு முறை எழுதியிருந்தார். 'இந்தக் கணக்கின் விடை நூறைத் தாண்டினால், இந்தக் கணக்கின் விடையைக் காட்டு.' அவ்வளவுதான்.

"சரியாத்தான சார் வருது?" என்றார், முகம் சுருங்கி.

வரும்... யாராவது அதில் ஒரு பாதியை மட்டும் மாற்றும்வரை.

அப்படி மாற்றியவன் நான்.

சில வருடங்களுக்கு முன், சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. நான் அங்கே கிளார்க். ஒவ்வொரு ஆபரேட்டரும் மாதத்தில் செய்த பீஸ்களை வேலை நாள்களால் வகுக்க வேண்டும். நூறைத் தாண்டினால் அந்த எண் வரும். இல்லையென்றால் 'வீக்' என்று ஒரே சொல்.

ஒருநாள் மானேஜர், "எம்.சி. எடுத்த நாளைக் கழிச்சிரு" என்றார். டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் மருத்துவ விடுப்பைத்தான் எம்.சி. என்போம். நியாயமான உத்தரவு. கழித்தேன் — ஃபார்முலாவின் பின்பாதியில், விடையைக் காட்டும் இடத்தில் மட்டும். நூறைத் தாண்டுகிறதா என்று சோதிக்கும் முன்பாதியில் பழைய கணக்கே கிடந்தது.

'வீக்' பட்டியல் மேலே போனது. நால்வருக்கு வேலைநீக்கக் கடிதம்.

அதில் ஒருவர் சரஸ்வதி அக்கா. ஜெஞ்சாரோமிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் பதினோரு வருடம் வந்தவர். அந்த மாதம் அவருக்கு ஆபரேஷன். எட்டு நாள் எம்.சி.

கடிதத்தோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நான் வந்தது பதினாறு நாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பீஸ் செஞ்சிருக்கேன். வகுத்தா நூத்தி இருபது வருது. அப்புறம் எப்படித் தம்பி நான் வீக்கு?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான்க்கா சொல்லுது."

அவர் போனபிறகுதான் பார்த்தேன். கம்ப்யூட்டர் இருபத்து நான்கு நாளால் வகுத்திருந்தது. எண்பது.

மானேஜரிடம் ஓடினேன்.

"லெட்டர் கொடுத்தாச்சு லா. இப்ப நம்ம தப்புன்னு சொன்னா, ஹெட் ஆபீஸ் யாரைத் தூக்கும்? என்னையா, உன்னையா?"

என்னை. அது எனக்கு உடனே விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

ஃபார்முலாவை மட்டும் திருத்தினேன். வகுத்தலுக்குத் தனியாக ஒரு கட்டம். கணக்கு அங்கே ஒரே ஒரு முறை. சோதிப்பதும் அந்தக் கட்டத்தைத்தான், காட்டுவதும் அதைத்தான். இனி மாற்றினாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். இரண்டு நிமிட வேலை!

"ஸ்மார்ட் லா நீ" என்றார் மானேஜர்.

கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்கிறோம். நம் தப்பை அதன் தலையில் போட்டால் எல்லாரும் நம்புவது அதனால்தானோ?

பிறகு ஒருமுறை கிள்ளான் பாசாரில் சரஸ்வதி அக்காவைப் பார்த்தேன். யாருடைய கடையிலோ நின்று வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் சிரித்தார்.

"நல்லா இருக்கீங்களா தம்பி? இன்னும் அங்கதான் வேலையா?"

"ஆமாக்கா" என்றேன்.

சூப்பர்வைசர் ஆகிவிட்டதைச் சொல்லவில்லை.