எடை மேடையில் இருண்ட மானிட்டர்

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகப் போய்ப் பல வேலைகள் பார்த்தவன் நான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் எடை மேடையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்த லேப்டாப்பின் திரை ஏற்கெனவே உடைந்திருந்தது. தனியாக இணைத்த மானிட்டரில்தான் லாரிகளின் எடையைப் பார்ப்போம்.

ஒருநாள் காலை, 'அப்டேட் செய்யலாமா?' என்று அதில் கேட்டது. அழுத்திவிட்டேன். லேப்டாப் அணைந்து மறுபடி ஓடியது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நின்றது. வெளியே லாரிகள் சேர்ந்தன.

"இன்னாபா, தூங்கினு கீறியா? லோடு துரு புடிச்சிரும் போல!" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "எதுனா தொட்டியா?"

"இல்ல சார்."

நான் இருந்த இடங்களில் எல்லாம், மெஷினைத் தொட்டவனைத்தான் முதலில் வேலையை விட்டு அனுப்புவார்கள். வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது. அவர் ஒயரை மாற்றினார், வேறு மானிட்டர் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. லேப்டாப்பே போய்விட்டது என்று மேனேஜருக்குச் சொல்ல அவர் போனை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தேன்.

"சார், அப்டேட் நான்தான் போட்டேன்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாயா? அப்டேட்ல படம் ஒடஞ்ச ஸ்க்ரீனுக்குப் போயிருக்கும்!"

லேப்டாப்பில் திரையை மாற்றும் பொத்தான்களை அழுத்தினார். மானிட்டரில் படம் வந்தது.

வேலை போகவில்லை. இப்போதெல்லாம் கடைசி லாரி போன பிறகே அப்டேட் போடுகிறேன். எதைத் தொட்டேன் என்பதை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது.