மேலே அறிவிப்பு, கீழே ஏரோப்ளேன்

அண்ணியின் டி.வி. கேம் பெட்டியில் பக்கவாட்டாக ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதற்கு மேலும் கீழும் அண்ணி நகப்பூச்சால் இரண்டு சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தார். மேலே தள்ளினால் ஊர் அறிவிப்பு, கீழே தள்ளினால் ஏரோப்ளேன் சண்டை.

தொண்ணூறுகளில் அண்ணன் அவிநாசியில் கேபிள் நடத்தினார். பக்கத்துக் கேபிள்காரர் கம்ப்யூட்டர் வாங்கி, தேரோட்டம் எப்போது, தண்ணீர் எப்போது என்று திரையில் தமிழில் ஓடவிட்டார். எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். இப்படியே போனால் தொழிலை மூடவேண்டியதுதான் என்று அண்ணனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த அண்ணிதான் வாய் திறந்தார். "நம்மூட்டு கேம் பொட்டியும் கம்ப்யூட்டர்தானுங்க. வேற வேலை சொல்ல ஆளில்லாம சும்மா ஏரோப்ளேன் ஓட்டிட்டிருக்குது."

ஆனால் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் அப்பாவுக்கு அந்த ஏரோப்ளேனை ஓட்டியாக வேண்டும். "என்ன வேணா செஞ்சுக்க அம்மணி, என்ற ஏரோப்ளேனை மட்டும் எடுத்துப்போடாதே" என்றார். அதனால் அண்ணி கேம் கேசட்டைப் பிரித்து, பழைய சிப்புக்குப் பக்கத்தில் தான் புரோகிராம் எழுதிய சிப்பையும் பற்றவைத்து, இரண்டிலிருந்தும் வயர் இழுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் அந்தச் சுவிட்சை வைத்தார். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நான் தமிழ் எழுத்து வரைந்து கொடுத்தேன். பல நாள் திரையில் வந்ததெல்லாம் குப்பை. பிறகு ஒருநாள் 'வணக்கம்' வந்தது. அண்ணி போய்க் காபி போட்டுக் குடித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

தேர்த்திருவிழா அறிவிப்போடு ஆரம்பித்தோம். அடுத்த வீட்டு டி.வி.யில் அது ஓடுவதை நாங்கள் மூவரும் பூரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எழுத்து மறைந்து ஏரோப்ளேன் வந்தது. தோட்டத்திலிருந்து திரும்பிய அப்பா, வழக்கம்போல் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெட்டியின் வயர் இப்போது ஊருக்கெல்லாம் போகிறது என்று அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மானம் போயிற்று, மிச்சமிருந்தவர்களும் போகப்போகிறார்கள் என்று அண்ணன் வீட்டுக்கு ஓடினார். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. பின்னாலேயே வந்த அண்ணிதான் எடுத்துக் கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"மாமா, ஏரோப்ளேனைக் கொஞ்சம் இடது பக்கமா ஓட்டச் சொல்றாங்க."

அன்றிலிருந்து தினமும் அறிவிப்பு முடிந்ததும் அப்பாவின் ஆட்டம். அவர் தோற்பதைப் பார்க்கத் தெருவே காத்திருந்தது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். பக்கத்துக் கேபிள்காரரின் கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது, எங்கள் அப்பா இல்லை.

அப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. போன தீபாவளிக்கு அண்ணி அட்டாலியிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். மேல் புள்ளி அப்படியே இருந்தது. கீழ்ப் புள்ளி அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுச் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணி சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு ஆட உட்கார்ந்தார். சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அண்ணன், சத்தம் கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இடது பக்கமா ஓட்டு" என்றார்.